நழுவிய சிவப்பு வட்டம்

திண்டிவனத்து அரிசி ஆலையில் பாய்லர் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. பாய்லர் பொறியாளரான நான் விழுப்புரம் அலுவலகத்தில் இருந்தேன். ஆலையில் தனியாக நின்ற தொழிலாளி முனுசாமியின் செல்போன் கேமரா காட்டுவதெல்லாம் என் திரையில் தெரியும். நான் வரையும் சிவப்பு வட்டம் அவர் திரையில் அந்தப் பொருளின் மேலேயே நிற்கும், நிற்க வேண்டும்.

திறக்க வேண்டிய வால்வின் மேல் வட்டம் போட்டேன். போன் பிடித்த கை அசைந்ததும் வட்டம் பக்கத்து வால்வுக்கு நழுவியது.

“வட்டம் நகந்துகினே இருக்குதுங்க சார்.”

“வட்டத்தைப் பார்த்துத் திறங்க” என்று கத்தினேன்.

அவர் மறுகையை ஒரு வால்வின் மேல் வைத்துக் காட்டினார். “இதுவா சார்?” இல்லை என்றேன். அடுத்ததில் வைத்தார். நான்காவதுதான் சரி. திறந்தார், அழுத்தமானியின் முள் இறங்கியது.

பிறகுதான் அந்த உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது.

“சுடுதுன்னு ஏங்க சொல்லல?”

“நீங்களே பயந்துகினு இருந்தீங்க சார்.”

என் திரையில் எல்லாம் தெரிந்தது, சூடு மட்டும் தெரியவில்லை. கையுறை இருக்கிறதா என்று நான் கேட்கவுமில்லை.