மாமாவின் மூன்றாவது உரை

எழுபதுகளில் செங்கல்பட்டில் தேடல் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை, மலையடிவாரம், கடற்கரை என்று சுற்றிவிட்டு, மாதம் ஒருமுறை பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடி, கண்டதைப் பற்றி ஆளுக்கொரு அறிவியல் உரை ஆற்றுவார்கள். வாத்தியார், கம்பவுண்டர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்று இருபது பேர் தேறும். என் தாய்மாமாவும் அதில் உறுப்பினர். ரயில்வேயில் நாளெல்லாம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஊருக்கெல்லாம் வழி அனுப்பி அனுப்பித் தானும் எங்காவது போகவேண்டும் என்று தோன்றிவிட்டதோ என்னவோ.

சங்கத்தின் விதிகள் கடுமையானவை. கண்ணால் காணாததை உரையில் சொல்லக் கூடாது. சாட்சியாக ஒரு பொருளைக் கொண்டுவந்து, கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் பார்க்கத் தரவேண்டும். முடிவில் பாதிப்பேருக்கு மேல் கை தூக்கினால் உரை பதிவேட்டில் ஏறும். மூன்று உரைகள் ஏறாமல் போனால் சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

மாமாவுக்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தன. முதல் உரை முதுமக்கள் தாழி பற்றி. பாலாற்றங்கரையில் தோண்டி எடுத்த பானையை மடியில் வைத்து முகர்ந்து பார்த்த கம்பவுண்டர், இதில் சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மதுவிலக்குக் காலம். பானையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் மாமா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இரண்டாவது, விண்ணிலிருந்து விழுந்த கல். அது ரயில் எஞ்சின் கக்கிய கரிக்கட்டி என்பதை ரயில்வேக்காரரான அவருக்கு ஒரு வாத்தியார் விளக்க வேண்டியிருந்தது.

ஆகவே மூன்றாவது உரைக்கு மாமா கடலைத் தேர்ந்தெடுத்தார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கட்டுமரக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷம் வாராவாரம் அவர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டார். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுக்கு மீனவர்கள் பேச்சில் ‘பார்’ என்று பெயர். மீன் அடைவது அங்கேதான். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். கலங்கரை விளக்கம் எந்தப் பனைக்கு நேராக வரவேண்டும், திருக்கழுக்குன்றத்து மலை எந்த மேட்டுக்கு நேராக வரவேண்டும் என்று தெரிந்தவன்தான் அங்கே போய் நிற்க முடியும். ஒரு குடும்பத்துக்குத் தெரிந்த பாரைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். மாமாவுக்கு அவர் மூன்று பார்களைச் சொன்னார். செங்கல்பட்டில் யார் மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரு காலையில் கட்டுமரத்தில் மாமாவை அழைத்துப் போனார். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த மாமாவின் முகம் வேப்பிலை நிறத்தில் இருந்தது. ஏறியதிலிருந்து இறங்கியது வரை வாந்தி. ஆனாலும் காரியத்தை முடித்திருந்தார். பழைய எடைக்கல் ஒன்றின் அடியில் கிரீஸ் தடவி, கயிறு கட்டிப் பாரின் மேல் இறக்கியிருந்தார். கிரீஸில் சிப்பித் துண்டும் பாறைப் பொடியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. மணல் ஒரு பொட்டு இல்லை. அதை என்னிடம் நீட்டி, "பாத்தியா, பாறை கீது!" என்றார். அந்தச் சந்தோஷத்தை மாமாவின் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வரைபடம் தீட்டியது நான். ஒன்பது வயதுக்குக் கைவேலை சுத்தம் என்று வீட்டில் பெயர். கடலுக்கு நீலம், மலைக்குப் பச்சை, பனைமரங்கள், கலங்கரை விளக்கம், நேர்க்கோடுகள், கோடுகள் வெட்டும் இடத்தில் பார் ஒன்றுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. குருடனுக்கும் வழி தெரியும்படி இருந்தது.

உரை நாளன்று மாமா கட்டுமரக்காரரையும் வரச்சொல்லி, வெள்ளை வேட்டியில் வந்தவரை முன்வரிசையில் உட்காரவைத்தார். நான் பலகையில் படத்தை மாட்டினேன். "அருமையா போட்டுகீறியே பாப்பா" என்று தலைவரே சொன்னார். பின்வரிசையில் ஐஸ் டிப்போ வைத்திருந்த புது உறுப்பினர் ஒருவர், கோவளத்தில் கூட்டாக விசைப்படகு வாங்கியிருந்தவர், பாக்கெட் நோட்டை எடுத்து என் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா நன்றாகத்தான் பேசினார். பாதியில் ஐஸ் டிப்போக்காரர் எழுந்து, அந்த நடுப்பொட்டு கரையிலிருந்து எவ்வளவு தூரம், விசைப்படகு போனால் எவ்வளவு நேரம் என்று கேட்டார். அறிவியல் ஆர்வம் என்று நினைத்து மாமா விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் கட்டுமரக்காரர் பின்னால் திரும்பினார். கேட்டவரையும் அவர் கையிலிருந்த நோட்டையும் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"அந்த எடத்துல பாரும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். வெறும் மணலு. சாரு வாராவாரம் வந்து கேட்டுகினே இருந்தாரு. பாவமா இருந்துச்சு. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

வகுப்பறை சிரித்தது. தலைவர் மாமாவைப் பார்த்து, "நீங்க கண்ணால இன்னா பாத்தீங்க, அத சொல்லுங்க" என்றார்.

எடைக்கல் மேஜைக்கடியில் துணிப்பைக்குள் இருந்தது. மாமா கட்டுமரக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மாமாவின் பார்வை ஐஸ் டிப்போக்காரரின் நோட்டுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"நான் ஒண்ணும் பாக்கல. வாந்தி எடுத்துகினு இருந்தேன்" என்றார்.

இந்த முறை சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, பையில கல்லு..." என்று ஆரம்பித்தேன். "வாய மூடு" என்றார். அதுவரை என்னை ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர். நான் அழுதுவிட்டேன். ஒரு கைகூட எழவில்லை. ஐஸ் டிப்போக்காரர் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கசக்கிச் சன்னல் வழியே எறிந்தார். என் படத்தின் நகலுக்கு வந்த கதியைப் பார்த்து இன்னும் அழுதேன். பதிவேட்டில் மாமாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள்.

பிறகு பஸ் ஸ்டாண்டில் மாமா அந்தப் பொய்க்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் நின்றபடி குடித்தார்கள். பஸ் வந்ததும் மாமா, "ஞாயித்துக்கெழம வரட்டா?" என்று கேட்டார். அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா சார், உன் வூடு அது" என்றார். மானம் கெட்ட மனிதர் என்று மாமாவைப் பற்றி மனசுக்குள் முடிவு கட்டினேன்.

வீட்டில் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். கட்டுமரக்காரரைப் புளுகர் என்றும் மாமாவைக் கோழை என்றும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா ஒருமுறைகூட மறுக்கவில்லை.

அன்று அந்த அறையில் இரண்டு பேர் பொய் சொன்னார்கள். கலந்து பேசிக்கொள்ளக்கூட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. உண்மையைச் சொல்லத் துடித்தவள் நான் ஒருத்திதான். சொல்ல விடவில்லையே என்று மாமாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.