மகாராஜாவின் காரை மறித்த அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரை "அடக்கமானவர்" என்று எழுதும்படி உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டார். எழுத மாட்டேன். அக்கா அடங்கிப் போனவர் அல்லர். அதற்காக அவரை ஒதுக்கிவைத்தவர்களில் பலரும் இதை வாசிப்பீர்கள் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சூளகிரிக்கு அருகே ராகி விளைவிக்கும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். இளவயதிலேயே தாயை இழந்த எங்கள் வீட்டில் என்னை வளர்த்தவர் அவரே. அக்காவை மணந்த மாமாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. திருமணமாகி அங்கே குடிபோனதும் மாதர் சங்கத்தில் சேர்ந்து, பண்ணைக் கூலியாட்களின் வீட்டுப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார்.

ஐம்பதுகளில் ஒருமுறை, பண்ணையைப் பார்வையிட, பக்கத்துச் சமஸ்தானத்தை ஆண்ட மகாராஜா வருவதாகச் செய்தி வந்தது. சங்கத்துப் பெண்கள் மஞ்சள் புடவையில் சாலையோரம் நின்று ஆரத்தி எடுப்பதாக ஏற்பாடு. அக்காவுக்கு ஏகப்பட்ட உற்சாகம். வேடிக்கை பார்க்க என்னையும் ஊரிலிருந்து வரவழைத்தார்.

சாலையின் இருபுறமும் கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் வெயிலில் காத்து நிற்கையில், குறுக்குப் பாதையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் துடித்தவள், எங்கள் சங்கத் தலைவியின் நிலத்தில் கூலி வேலை செய்த பெண். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும்.

"கார் போற வரைக்கும் வண்டிய உட முடியாது" என்றார் காவலர். வண்டிக்காரர் தமிழிலும் தெலுங்கிலும் மாறிமாறிக் கெஞ்சினார். பயனில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் அலறல் வரவேற்பு மேளத்தையும் மீறிக் கேட்டது.

அக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார்.

தலைவி அவர் கையைப் பிடித்தார். "எங்கடி போற? வரிசைக்கு வா. மானம் போவுது."

"உங்க நெலத்துல வேல செஞ்சவதானம்மா அவ? அங்க உசுரு போவுது, உங்களுக்கு மானம் போவுதா? கைய உடுங்க."

கயிற்றை அவிழ்த்தார். நான் சக்கரத்தைத் தள்ள, அவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைச் சாலைக்கு இழுத்தார். எதிரே வந்த கார் நின்றது. காரில் இருந்தவர் கோபப்படவில்லை. போகட்டும் என்று கையசைத்தார். கோபப்பட்டவர்கள் நம்மவர்கள்தாம்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. "கொஞ்சம் முன்னாடியே கூட்டியாந்திருக்கக் கூடாதா?" என்று நர்ஸ் கேட்டபோது அக்கா சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

சில நாட்களில் சங்கம் கூடியது. அக்காவை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

"புள்ளைய பறிகுடுத்தவகிட்டப் போயி மொதல்ல நீங்க கேளுங்க" என்றார்.

நீக்கினார்கள். தையல் வகுப்பும் நின்றது. உறவினர்களே, நீங்களாவது அதோடு விட்டீர்களா? "ராஜாவையே மறிச்சவ, நம்ம ஊட்டு விசேசத்துல என்ன பண்ணுவாளோ" என்று சிரித்தபடியே அழைப்பதை நிறுத்தினீர்கள். என் திருமணத்தில் தாய் ஸ்தானத்தில் நிற்க வேண்டியவரை, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லிச் சமையல்கட்டில் உட்காரவைத்தீர்கள். அன்று நான் அழுததைத் தாய்வீட்டைப் பிரியும் அழுகை என்று நினைத்தீர்கள்.

மாமாவின் மறைவுக்குப் பின் அக்கா தனியாகவே வாழ்ந்து, படுக்கையில் விழுந்தார். கடைசிவரை அவரைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டு முனியம்மாவுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி. இறுதி ஊர்வலத்துக்கு மாலையோடு வந்த உறவினர்களுக்கும் நன்றி சொல்வது வழக்கம், சொல்லிவிட்டேன். அக்கா உயிரோடு இருந்தபோது ஒருநாள் வெறுங்கையோடு வந்திருந்தால், மனதாரச் சொல்லியிருப்பேன்.