மொட்டை வில்லனிடம் லட்டு கேட்ட ஊர்

வில்லன் வேலையில சம்பளம் மாசத்துக்கு ஒருக்கா வரும், திட்டு தெனமும் வரும். கவுண்டர்ல உக்காந்தோ, போன்ல பேசியோ, கடை வாசல்ல நின்னோ, செய்யாத தப்புக்கு ஊரார் கோவத்தை வாங்கிக் கட்டிக்கிற எல்லாரும் நமக்கு சொந்தக்காரங்கதான். உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

என் பேர் டேனியல். ஊர் சித்தூர். வேலை திருப்பதியில, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பொம்மைக் கடையில. பொம்மையோட காமிக்ஸும் விக்கிறோம், தமிழ் ஒரு அடுக்கு, தெலுங்கு ஒரு அடுக்கு. அதுல நல்லா ஓடற தொடர் ஒண்ணு. ஹீரோ பேரு இடிமாறன். அவன் இருட்டுல சண்டை போட்டா டார்ச் புடிக்கிற கூட்டாளி டார்ச் குமாரு. ஊரை அழிக்கவே பொறந்த வில்லன் சாம்பல் ராஜா. வழவழன்னு மொட்டைத் தலை, மூஞ்சி பூரா சாம்பல் பூச்சு, கறுப்பு அங்கி. நெஜமாவே மொட்டை அடிச்சி அந்த வேஷத்தைப் போட்டுக்கினு கடை வாசல்ல நிக்கிறவன் நான். டார்ச் குமாரு வேஷம் எங்க கடை பாபு. இடிமாறனுக்கு ஆள் கிடையாது, அட்டையில வெட்டின படம்தான். ஹீரோகிட்ட யாரும் பேச வர்றதில்ல, அதுக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு எங்க ஓனர் சுகுணம்மா முடிவு பண்ணிட்டாங்க.

வில்லன் வாயைத் தொறக்கக் கூடாது, முறைக்க மட்டும்தான் செய்யணும். இது சுகுணம்மா போட்ட ரூல். வாய் பேசாதவன்கிட்டதான் ஜனங்க மனசு விட்டுப் பேசுவாங்கன்னு இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

போன வருசம் மெட்ராஸ்ல புத்தகம் போடறவங்ககிட்டேர்ந்து சேதி வந்துச்சு. அடுத்த புத்தகத்துல சாம்பல் ராஜாவைத் தீத்துக் கட்டப் போறாங்களாம். அவனுக்கு அப்புறம் வர்ற வில்லன் ஒரு மெஷினு. அதுக்கும் அட்டைப் படம் போதும். கதை எழுதற மேடம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க கடைக்கு வந்து, வாசகருங்களைக் கேட்டுட்டுத்தான் கடைசியா முடிவு பண்ணுவாங்கன்னு ஒரே ஒரு ஆறுதல். இந்த வேலை போனா எனக்கு மறுபடியும் மாங்கூழ் ஃபேக்டரிதான். சீசன்ல வேலை, சீசன் முடிஞ்சா வீட்டுல உக்காந்துக்கினு பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கணும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, அதுதான் இன்னும் கஷ்டம். அதனால சேதி வந்த அன்னிலேர்ந்து, சாம்பல் ராஜாவைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் காதைத் தீட்டிக்கினு கேட்டேன்.

லட்டு எங்கே?

திருப்பதியிலேர்ந்து சித்தூர் போற பஸ்ல மொட்டைத் தலையோட ஏறினவனை யாருன்னு யாரும் கேக்கறதில்ல. தரிசனம் நல்லா ஆச்சான்னுதான் கேப்பாங்க. ஆரம்பத்துல விளக்கம் சொல்லிக்கினு இருந்தேன். அப்புறம் அலுத்துப் போய், தலையை ஆட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்க ஆரம்பிச்சேன்.

அன்னிக்கு பக்கத்து சீட்டுல ஒரு அம்மா, மடியில ஸ்கூல் பை வெச்சிக்கினு அவங்க பொண்ணு. அந்தம்மா எனக்கு நகந்து எடம் விட்டாங்க, குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. இவ்ளோ நல்லவங்களான்னு நான் நெனைக்கிறதுக்குள்ள கையை நீட்டிட்டாங்க. பிரசாதம் ஒரு துளி குடு சாமின்னாங்க. இல்லம்மான்னேன். பையைப் பாத்தாங்க. தொறந்து காட்டினேன், மத்தியானம் துன்னு மிச்சம் வெச்ச எலுமிச்சை சாதம்தான் இருந்துச்சு. "முடி குடுத்துட்டு வந்து ஒரு லட்டு இல்லன்றான் பாரேன்"ன்னு பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க. அதுவரைக்கும் என் காதையே பாத்துக்கினு இருந்த பொண்ணு, அதுல சரியா கழுவாத சாம்பலைக் கண்டுபுடிச்சிட்டா. "அம்மா, இவன் சாம்பல் ராஜா. நாலாவது புத்தகத்துல ஊருக்கே குடிக்கத் தண்ணி உடாம நிறுத்தினவன், உனக்கு லட்டு குடுப்பானா?"

மூப்பர் சந்தேகம்

எங்களுது மிஷன் காலத்து சபை. சித்தூர்ல ஞாயித்துக்கிழமை காலை மொத ஆராதனை முடிச்சிட்டுத்தான் திருப்பதி பஸ்ஸைப் புடிப்பேன். திருப்பதியில யாரும் ஏன்னு கேக்காத மொட்டை, சபையில பெரிய விவகாரமா ஆயிடுச்சு. சபை மூப்பர் ஆசீர்வாதம் ஐயா, கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு நாள் என்னை வாசல்கிட்டயே நிறுத்தி, "டேனி, உண்மையைச் சொல்லிடு. மலைக்குப் போயி வந்தியா?"ன்னாரு. வேலைக்காக ஐயான்னேன். "எந்த வேலைக்குடா மொட்டை அடிக்கச் சொல்றாங்க?"ன்னாரு. வாயால சொன்னா நம்ப மாட்டாருன்னு பையிலேர்ந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் குடுத்துட்டு ஓடிட்டேன்.

அடுத்த ஞாயிறு அதை நியூஸ் பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து குடுத்தாரு. கிழிச்சிப் போட்டிருப்பாருன்னு நெனைச்சிக்கினு இருந்தேன், மனுஷன் வரி விடாம படிச்சிருக்காரு. "இந்த இடிமாறன் இருக்கானே, ஒருத்தனையும் மன்னிக்கிறதில்ல. அவன்கிட்ட பலம் இருக்குது, அன்பு இல்ல. உன் ஆளு கெட்டவன்தான், ஒத்துக்கிறேன். ஆனா எவ்ளோ அக்கிரமம் பண்ணாலும் சாயந்தரம் அவங்கம்மாவுக்கு ஒரு போன் போடறான் பாரு"ன்னாரு. அப்புறம் அக்கம்பக்கம் பாத்துட்டு குரலைத் தாழ்த்தினாரு. "அடுத்த பாகம் இருக்குதா? பாஸ்டரய்யாவுக்குத் தெரிய வேணாம்."

புது மொட்டை

திருத்தணிப் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம். மலையிலேர்ந்து நேரா எறங்கி வந்திருக்காங்க. ஆறு வயசுப் பையன், தலையில சந்தனம் ஈரம் காயல. முடி போன சோகத்துல அம்மா முந்தானைக்குள்ள தலையை உட்டுக்கினு ஒரே அழுகை. பொம்மை காட்டினாங்க, பலூன் காட்டினாங்க, ஒண்ணுத்துக்கும் மசியல. முந்தானை சந்து வழியா என்னைப் பாத்தான். அழுகை நின்னுச்சு.

மெதுவா வந்து என் முன்னாடி நின்னுக்கினு அவன் தலையைத் தடவிப் பாத்தான். என் தலை எட்டல. வில்லன் குனியக் கூடாதுதான், ஆனா சுகுணம்மா உள்ள போன்ல இருந்தாங்க, நான் குனிஞ்சேன். என் தலையையும் தடவிப் பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு திருப்தியாயிட்டான். அவங்கப்பா புத்தகத்தோட பின்னட்டையைப் படிச்சிட்டு, "ஊரையே அழிக்க வந்தவன்னு போட்டுக்கிது கண்ணு, கிட்டப் போவாத"ன்னாரு. பையன் என் விரலை உடல. "அதெல்லாம் முன்னாடி நைனா. இப்பதான் முடி குடுத்துட்டாரே."

நரிக்கண்ணி கட்சி

இந்தத் தொடர்ல நரிக்கண்ணின்னு ஒருத்தி உண்டு. நல்லவளும் இல்ல, கெட்டவளும் இல்ல. வில்லனுங்க கொள்ளை அடிச்சதை அவ கொள்ளை அடிப்பா, தனக்கே வெச்சிப்பா. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை கம்பெனியில வேலை பாக்கற மூணு பொண்ணுங்க லீவு நாள்ல கடைக்கு வந்து, என்னை ஒரு செவுரா நெனைச்சிக்கினு என் எதுர்லயே சண்டை போட்டாங்க. ஏழைங்களுக்கு ஒரு பைசா குடுக்கறாளா அவன்னு ஒருத்தி. இடிமாறன் மட்டும் குடுக்கிறானா, அவனைக் கேக்க மாட்டே, பொம்பளையைத்தான் கேப்பியான்னு இன்னொருத்தி. சத்தம் ஏறிக்கினே போச்சு. சாம்பல் ராஜாவைப் பத்தி ஒரு வார்த்தை வருமான்னு நான் காத்துக்கினு இருந்தேன், வரவே இல்ல. மூணாவது பொண்ணுதான் பஞ்சாயத்தை முடிச்சா. "திருடறது தப்புதான்டி. ஆனா எந்தக் கதையிலயாவது அவ ஓவர்டைம் செஞ்சி நீ பாத்திருக்கியா?"

டார்ச் பிடிக்கிறவன் வயித்தெரிச்சல்

ஸ்ரீசிட்டியிலேர்ந்தே வர்ற ஒரு இன்ஜினியர் தம்பி, லீவு நாள்லயும் கழுத்துல ஐடி கார்டு தொங்கும். அவரு என்னைக் கண்ணெடுத்தும் பாக்க மாட்டாரு. நேரா பாபுகிட்ட போயி நிப்பாரு. பாபுவுக்குப் பேசறதுக்குத் தடை இல்ல, ஆனா அவனுக்குப் பேச்சே வராது, சிரிப்பான்.

"இருட்டுல சண்டை. வெளிச்சம் காட்டறது யாரு? நீங்க. மறுநாள் பேப்பர்ல யாரு போட்டோ? அவன்"ன்னு அட்டை இடிமாறனைக் கை காட்டுவாரு. "எங்க டீம் லீடரும் இதேதான் பிரதர். அவரு மீட்டிங்ல காட்டற படமெல்லாம் நான் போட்டது." அன்னிக்கு என்ன கடுப்போ தெரியல, குரலே உடைஞ்சு போச்சு. பாபு தோளைப் புடிச்சிக்கினு கெஞ்சற மாதிரி சொன்னாரு. "ஒரே ஒரு நாள் அந்த டார்ச்சை அணைச்சிட்டுப் போயேன் பிரதர், என்னதான் ஆவுதுன்னு பாத்துடுவோம்!"

தீர்ப்பு நாள்

அந்த ஞாயிறு வந்துச்சு. சுகுணம்மா சேர் போட்டு, ஃபேன் ஓட விட்டாங்க. பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருந்த ஜனங்க பாதி பேரு ஃபேனுக்காகவே உள்ள வந்துட்டாங்க. வந்த தலைங்கள்ல பாதி மொட்டை. முதல் வரிசையில வெள்ளை ஜிப்பாவோட, நியூஸ் பேப்பர்ல சுத்தின பொட்டலத்தோட, ஆசீர்வாதம் ஐயா! கதை எழுதற மேடம் சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாங்க. நேரா கேட்டாங்க. சாம்பல் ராஜா சாகலாமா, வேணாமா?

நாயுடுபேட்டையில லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கிற ஒருத்தர் மொதல்ல எழுந்தாரு. "எத்தினி புத்தகமா அவனைத் தப்ப உடுவீங்க? முடிச்சி உடுங்க மேடம்"ன்னாரு. நாலு பேரு கை தட்டினாங்க. மாங்கூழ் வாசனை அங்கயே என் மூக்குல ஏறுச்சு. அப்போ பின்னாடியிலேர்ந்து ஒரு அம்மா எழுந்தாங்க. மொட்டைத் தலையில துண்டு சுத்தியிருந்தாங்க. "எங்க பையன் இந்தப் புத்தகம்தான் படிக்கிறான். முடி குடுத்தவனைக் கொல்லலாமாம்மா? பாவம் இல்லியா?"ன்னாங்க. மொட்டைங்க எல்லாம் ஆமா ஆமான்னுச்சு. அப்பாடான்னு மூச்சு உட்டேன்.

மேடம் சிரிச்சிட்டாங்க. "அது வேண்டுதல் மொட்டை இல்லீங்க. எரிமலைச் சாம்பல்ல விழுந்து முடியெல்லாம் கொட்டிடுச்சு. முதல் புத்தகத்துலயே இருக்கே"ன்னாங்க. எங்க கடைக்கு முதல் புத்தகம் வந்ததே இல்ல, யாருக்கும் தெரியாது. அந்தம்மா நம்பாம கேட்டாங்க, "மலைக்கே போவலியா அவன்?" போகலன்னாங்க மேடம். அந்தம்மா துண்டை இறுக்கிக்கினு உக்காந்தாங்க. "அப்ப சாவட்டும்."

எனக்கு என்ன ஆச்சோ தெரியல. ரூலாவது ஒண்ணாவது, வாயைத் தொறந்துட்டேன். "மேடம், நான் திருந்திடறேன்."

சாம்பல் ராஜா குரல் இவ்ளோ கீச்சுன்னு இருக்கும்னு யாரும் எதிர்பாக்கல போல. எல்லாத் தலையும் திரும்புச்சு. மொதல்ல அந்தம்மாதான் பேசினாங்க. "மலைக்குப் போறேன்றான். அப்ப சரி, உட்டுடலாம்." உடனே ஆசீர்வாதம் ஐயா எழுந்துட்டாரு. "மனந்திரும்பறேன்னு வாய் விட்டுச் சொல்றான், இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?" ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து திருப்தியா தலையாட்டிக்கினாங்க. நான் யாருக்கும் விளக்கம் சொல்லல. மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் டார்ச்சோட நின்னுக்கினு இருந்த பாபுவைப் பாத்தாங்க. பாபு காதுல இன்ஜினியர் தம்பி இன்னும் ஏதோ ஓதிக்கினு இருந்தாரு. எழுதிப் பாக்கறேன்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க.

எல்லாரும் போனப்புறம் சுகுணம்மா என்கிட்ட வந்தாங்க. "தொறக்காதேன்னா தொறந்துட்டே டேனியலு. சரி, பாகுந்தி, நல்லாத்தான் இருந்துச்சு. இனிமே மூடிக்கோ."

புதுப் புத்தகம்

கட்டு வந்த அன்னிக்கு நான்தான் பிரிச்சேன். பிரிச்ச அவசரத்துல ரெண்டு பக்கம் சேந்து திரும்பிச்சு. சாம்பல் ராஜா சாகல! கடை வாசல்னு கூடப் பாக்காம அழுதுட்டேன், மூஞ்சி சாம்பலெல்லாம் கோடு கோடா எறங்கிடுச்சு. பொண்டாட்டிக்குப் போன் போட்டு சொன்னேன். எந்த மெஷினும் வரல. சாம்பல் ராஜா திருந்தி, இடிமாறன் காலடிக்கு வந்துடறான். ஆனா அதே புத்தகத்துல, நடு சண்டையில டார்ச் குமாரு டார்ச்சை அணைச்சிட்டு இருட்டுல நடந்து போயிடறான். அவன்தான் இனிமே வில்லன், அவன் எடத்துல டார்ச் புடிக்கிறது சாம்பல் ராஜா.

கறுப்பு அங்கி இப்போ பாபுகிட்ட. டார்ச் என்கிட்ட. மொட்டை அப்படியேதான் இருக்குது. முன்ன என் விரலைப் புடிச்சிக்கினு நின்ன பசங்கல்லாம் பாபுவைச் சுத்திக்கினு இருக்குதுங்க. போன வாரம் இன்ஜினியர் தம்பி வந்தாரு. பாபுவோட சிரிச்சிக்கினே போட்டோ எடுத்துக்கினாரு. போகும்போது, அத்தனை நாளா கண்ணெடுத்தும் பாக்காதவரு, நேரா என்கிட்ட வந்து கையைக் குலுக்கினாரு. "வாங்க சார், நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க. இன்க்ரிமென்ட் மட்டும் கேக்காதீங்க."

ஊரை அழிச்சிக்கினு இருந்தவரைக்கும் என்னை நம்பி லட்டு கேட்ட ஜனங்க, திருந்தி நல்லவனானப்புறம் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, போட்டோவுல நீயும் விழறியேன்றாங்க.