செங்கல்லை உருவிய மதியம்

தனக்கோடி அத்தை வீட்டு அடுப்பு ஏழு மாதம் எரியவில்லை.

அத்தையின் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் மாமா, விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் சூளை எரிப்பவர். 2005 ஐப்பசியில், ஒரு காலை பல் விளக்கிக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆம்பளைகள் தூக்கிக்கொண்டு ஆற்றோரச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பொம்பளைகள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அத்தையும் திரும்பினாள். அந்தத் தீயை அவள் பார்க்கவேயில்லை. அதனாலோ என்னவோ, பிறகு எந்தத் தீயும் அவளுக்கு அந்தத் தீயாகவே இருந்தது.

சோறு பக்கத்திலிருந்த எங்கள் வீட்டிலிருந்து போகும். துக்கம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வேடிக்கைக்காகப் பின்னால் போய் அவள் காதோரம் தீக்குச்சியைக் கிழித்தேன். திட்டுவாள், சிரிக்கலாம் என்பது திட்டம். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சொம்புத் தண்ணீரை என் கையில் ஊற்றினாள்.

"அந்தத் தீக்குள்ள மாமா இருக்காரு" என்றாள்.

அன்றோடு தீப்பெட்டி விளையாட்டை விட்டேன். மற்ற குறும்புகளை விடவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டதால், மாமா போனபின் அங்கே வேலைக்குச் சேர்ந்த அத்தையோடு நானும் அதே பட்டறையில் பொம்மை அடுக்கினேன். அவள் எப்போதும் சூளைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

வைகாசியில் ஒரு மதியம், சூளை எரித்துக்கொண்டிருந்த கோவிந்தசாமி மயங்கி விழ, ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். முதலாளி தேவநாதன் கண் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். சூளைச் சுவரில் ஒரு செங்கல்லை உருவினால் உள்ளே சின்ன மண் கூம்பு தெரியும். அது சூட்டில் இளகித் தலை சாய்ந்ததும் தீயை நிறுத்த வேண்டும். தாமதித்தால் பொம்மையெல்லாம் உருகி ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்தேன். சூரியனைப் பார்த்த மாதிரி இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

பார்க்கத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். எட்டு வருஷம் சோறு கொண்டுபோனபோதெல்லாம் மாமா அவளைக் கூம்பைப் பார்க்கச் சொல்லிப் பரீட்சை வைப்பாராம்.

முடியாவிட்டால் விட்டுவிடும்மா, போனது போகட்டும் என்றார் முதலாளி. அத்தை எழுந்தாள். இரண்டு தரம் செங்கல்வரை கை போய்த் திரும்பியது.

"என் முந்தானையப் புடிச்சிக்க. நான் உள்ள போயிடப் போறேன்."

எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன்.

இடுக்கியால் செங்கல்லை உருவினாள். முகம் முழுக்க வெளிச்சம். வெகுநேரம் கண்ணை மூடியே நின்றாள். பிறகு திறந்தாள்.

"அவரு இங்க இல்ல. பொம்மைங்கதான் இருக்குது."

கொஞ்சம் பொறுத்து, கூம்பு இன்னும் சாயவில்லை என்றாள். மூன்றாம் தரம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னாள். ஒரு பொம்மைகூட ஒட்டவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும்போது முந்தானையை என் கையில் கொடுத்தாள். ஒரு வாரம் தினமும் கொடுத்தாள். இப்போது டீ மட்டும் கொடுக்கிறாள், சர்க்கரை கம்மியாக. குச்சி கிழிக்கும்போது மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.