நெத்திக்கும் போர்டுக்கும் ஒரே பொட்டு

காந்திமதி டீச்சர் போயிட்டாங்க. காலையில காபி குடிச்சிட்டு பேப்பரோட உட்கார்ந்தவங்க... அப்படியே.

எங்க ஸ்கூல்ல அவங்க இங்கிலீஷ், நான் கணக்கு. ரெண்டு பேருக்கும் அமராவதிபுதூர். ரிட்டயர் ஆகுற வரைக்கும் காரைக்குடிக்கு ஒரே பஸ், ஒரே சீட்.

கமெண்ட்ல அழுகை எமோஜி போடாதீங்க ப்ளீஸ். அழவைக்கிற ஆள் இல்லை அவங்க.

அவங்ககிட்ட படிச்ச எல்லாருக்கும் தெரியும், அபாஸ்ட்ரஃபிக்கு அவங்க வச்ச பேர் பொட்டு.

"யாரோடதுன்னு கேட்டா பொட்டு வை. எத்தனைன்னு கேட்டா வைக்காத. நடுவுல ஒரு எழுத்து போயிருச்சுன்னா, போன இடத்துல பொட்டு வை. மேல வை, கீழ வச்சா அது கமா." பாடமே இவ்வளவுதான். பரீட்சைப் பேப்பரைப் பார்த்தா பாதிப் பிள்ளைங்க சிவப்பு ஸ்கெட்ச்ல பொட்டு வச்சிருக்கும்...

கிளாஸோட நின்னிருந்தா பரவாயில்லை. அவங்க ஹேண்ட்பேக்ல எப்பவும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட் இருக்கும். மெரூன் கலர், நீளப் பொட்டு, நுனியில லேசா வளைஞ்சது.

எங்க பஸ் ஸ்டாப்பை ஒட்டி சொக்கலிங்கம் அண்ணன் மளிகைக் கடை. அவரோட தாத்தா பர்மாவுல இருந்து வந்து ஆரம்பிச்ச கடை, சுவர்ல கைக்கெட்டுற உயரத்துல அந்தக் காலத்து எனாமல் போர்டு. இங்கிலீஷ்ல தாத்தா பேரு, அப்புறம் ஒரு எஸ், அப்புறம் ஸ்டோர். பேருக்கும் எஸ்ஸுக்கும் நடுவுல மட்டும் எனாமல் உதிர்ந்து துருவேறிக் கிடந்துச்சு.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிக்கும்போது டீச்சர் தன் நெத்திப் பொட்டை எடுத்து அந்தத் துரு மேல ஒட்டிட்டாங்க. பேக்ல இருந்து புதுசு ஒண்ணு எடுத்துத் தனக்கு வச்சுக்கிட்டாங்க.

"என்ன டீச்சர், போர்டுக்குப் பொட்டு வைக்கிறீக?"

"இங்கன ஒண்ணு இருந்து உதிர்ந்திருக்குண்ணே. இது இருந்தாத்தான் கடை உங்க தாத்தாவோடதுன்னு அர்த்தம்."

"இல்லாட்டி மட்டும் யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

"படிச்சவுக யாராச்சும் வந்து கேட்டா என்ன சொல்லுவீக?"

அண்ணன் பொட்டைச் சுத்தித் துண்டால துடைச்சுட்டு, "அப்ப இருக்கட்டும்"னார்.

காரைக்குடியில ஒரு ஜூஸ் கடை. இங்கிலீஷ்ல மாம்பழங்கள்னு எழுதின இடத்துல சம்பந்தமே இல்லாம ஒரு அபாஸ்ட்ரஃபி. டீச்சர் நகத்தால சுரண்டி எடுத்துட்டாங்க. கடைக்காரர் சத்தம் போட்டுக்கிட்டே வர, ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினோம். கணக்கு டீச்சர் நான் எதுக்கு ஓடினேன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

அப்புறம் அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார்.

லீவு முடிஞ்சு வந்தப்ப நெத்தியில பொட்டு இல்லை. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஸ்டாஃப் எல்லாரும் பிள்ளையார்பட்டி போனோம். கோயில் கடையில டீச்சர் நீளப் பொட்டு கேட்டாங்க. கடைக்கார அம்மா இவங்க முகத்தைப் பார்த்தாங்க, எடுத்த கை அப்படியே நின்னுபோச்சு.

"எனக்கில்லம்மா... இங்கிலீஷுக்கு"ன்னாங்க டீச்சர்.

சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அவங்களும் சிரிச்சாங்க.

திரும்பி வர்றப்ப கேட்டேன். "நீங்களும் ஒண்ணு வச்சுக்கிட்டா என்ன டீச்சர்?"

"ஆசையாத்தான் இருக்கு. வீட்டுல நாத்தனா இருக்காக... ஊரு வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் காலையில பஸ் வர்ற நேரம். டீச்சர் கடைப் போர்டுல இருந்த பொட்டை உரிச்சுத் தன் நெத்தியில வச்சுக்கிட்டு ஏறிட்டாங்க. சாயங்காலம் இறங்கினதும் அதை எடுத்துப் போர்டுல ஒட்டிட்டு, வெறும் நெத்தியோட வீட்டுக்குப் போனாங்க.

அதுல இருந்து தினமும் இதே கூத்துதான். பசை போனா புதுசு மாத்துவாங்க. பகல்ல கடை தாத்தாவோடது இல்லை, அவ்வளவுதான்.

சொக்கலிங்கம் அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் வச்சப்பகூட அந்தப் பழைய போர்டைக் கழற்றலை.

ரிட்டயர் ஆனதும் பஸ்ஸும் நின்னுபோச்சு. பொட்டு போர்டுலயே தங்கிருச்சு. அது மட்டும்தான் எனக்கு ரொம்ப வருத்தம்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனேன். வாசல்ல பழைய மாணவர்கள் கட்டின பேனர்ல, இங்கிலீஷ்ல மாணவர்களோடன்னு வர்ற இடத்துல, எஸ்ஸுக்கு அப்புறம் வர வேண்டிய அபாஸ்ட்ரஃபி எஸ்ஸுக்கு முன்னாடி! டீச்சர் எழுந்து வராததுதான் ஆச்சரியம்...

உள்ளே டீச்சர். நெத்தியில விபூதி மட்டும். தலைமாட்டுல நாத்தனார்.

சொக்கலிங்கம் அண்ணன் வந்தார். ஒரு கையில மாலை. இன்னொரு கையில, விரல் நுனியில, பொட்டு.

"இது டீச்சரோடதும்மா. நீங்க வச்சு விடுங்க"ன்னு என்கிட்ட நீட்டினார்.

கூடம் முழுக்க சொந்தக்காரங்க. எல்லாரும் நாத்தனாரைப் பார்த்தாங்க. அவசர அவசரமா வச்சுட்டேன்.

அந்தம்மா குனிஞ்சு பார்த்தாங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"ரொம்பக் கீழ வச்சிட்ட தாயி... இன்னுங்கொஞ்சம் மேல வையி."

மேல வச்சிட்டேன் டீச்சர்.

போயிட்டு வாங்க.