மூட்டெலும்பு வாங்கியவர்

வருஷம் எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ இருக்கும். பல்லடம் ரோட்டுக் கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் என்பது பார்த்தாலே தெரிந்தது. புருவமெல்லாம் பஞ்சு, வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு. ஆட்டெலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். நாய்க்காம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, எங்க ஊட்ல சூப்பு வெச்ச எலும்பு கெடக்குது. தரட்டுங்களா?"

"வெந்தது வேண்டாமுங்க. சில்லுச்சில்லா ஒடஞ்சு தொண்டையில குத்திப்போடும். சின்னதுன்னா முழுங்கிப்போடும். ரொம்பக் கெட்டின்னா பல்லுப் போயிரும்."

கடைசியில், நகம் பதிகிற குருத்தெலும்போடு பெரிய மூட்டெலும்பு ஒன்று அவருக்குப் பிடித்தது. அதைப் பனியன் வேஸ்ட் துணியில் பக்குவமாகச் சுற்றினார்.

"நாய் மேல அவ்வளவு பிரியமுங்களா?"

"எனக்கேதுங்க நாய்? மொதலாளி நாயிங்க. கம்பெனி கேட்டுல கட்டியிருக்குது. வேலை நேரத்துல எவன் வெளிய போனாலும் கொரைச்சுக் காட்டிக் குடுத்துருமுங்க. மத்தியானம் மேட்னிக்குப் போறனுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் அது மென்னுக்கிட்டே இருக்கோணும்."

"அதுக்கு எந்த எலும்பா இருந்தா என்னங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்குப் பல்லுப் போச்சுன்னா, அடுத்த வாரம் படத்துக்கு நான் எப்படிங்க போறது?"

இப்போதும் கறிக்கடையில் யாராவது எலும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால், இன்றைக்கு என்ன படம் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது.