முப்பது புள்ளியில் ஒரு பாரை மீன்

கணினியில் புள்ளி வைத்து வளைகோடு இழுக்கும் பென் டூல் பழகத் தொடங்கி நாலு நாள்தான். இன்று முதல் ஓடர்: மீன்கடை அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, திறக்கும் புதுக் கடைக்குப் பெயர்ப்பலகை.

முப்பது புள்ளி வைத்து ஒரு பாரை மீன் வரைந்தேன். காக்கா குனிந்து பார்த்தார்.

"என்ன புள்ள, வயிறெல்லாம் ஊதிக் கிடக்கு? இது பழுதான மீன். இதப் போர்ட்ல போட்டா ஆரு கடைக்கு வருவாங்க?"

வெட்கத்தோடு புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். ஆறு மட்டும் மிஞ்சியபோது வயிறு ஒரே வளைவாக வழுக்கிக்கொண்டு வந்தது.

காக்கா, மீன் புதுசா என்று பார்க்கிற பழக்கதோஷத்தில், திரையிலிருந்த மீனை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். இது இப்பதான் கரைக்கு வந்த மீன்."

அந்த விரல் அடையாளம் இன்னும் திரையில் இருக்கிறது. துடைக்க மனமில்லை; அதுதான் என் முதல் சேர்ட்டிபிகேட்.

டிசைனர்மாரே, உங்கள் சேர்ட்டிபிகேட்டில் மீன் வாசம் வருமா?